சில்ட்ரன்ஸ் பூல்: குழந்தைகளுக்கென்று எழுதிக்கொடுத்த கடற்கரையும் அதில் குடியேறிய சீல்களும்

இளந்திரையன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் குடும்பத்தோடு சான் டியேகோவுக்குப் போயிருந்தோம். லா ஹோயாவில் 'சில்ட்ரன்ஸ் பூல்' என்று வரைபடத்தில் குறித்திருந்ததை அப்படியே நம்பி, எட்டு வயது மகளுக்கும் ஐந்து வயது மகனுக்கும் நீச்சல் உடை, மணல் வாளி, துண்டு, தயிர்சாதப் பொட்டலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் முக்கால் மணி நேரம் தெருத்தெருவாகச் சுற்றி, கடைசியில் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டின் நடுவில் சங்கிலி போட்டிருந்தார்கள். டிசம்பர் 15 முதல் மே 15 வரை கரையில் இறங்கத் தடை என்று பலகை சொன்னது. கீழே, வளைந்த கான்கிரீட் சுவரின் அணைப்பில் கிடந்த மணலில், நூறுக்குக் குறையாத சீல்கள் நெல்மூட்டைகளை உருட்டிவிட்டதுபோல் படுத்துக் கிடந்தன. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தாள். மகன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்து அழுதான்.

எனக்கு விலங்குகளின்மேல் பகை எதுவும் இல்லை. ஆனால் குழந்தைகளுக்காகவே ஒருவர் தம் பணத்தில் கட்டிக்கொடுத்த இடம் என்று அங்கே நின்றிருந்த ஒரு முதியவர் சொன்னதைக் கேட்டபோது மனம் ஒப்பவில்லை. ஆண்டில் ஐந்து மாதம் குழந்தைகளை வெளியே நிறுத்திவிட்டு, அந்தப் பெயரை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? இதன் கதை முழுவதும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெய்தல்நிலவன் எழுதியது:

தம்பி, உங்கள் மகனின் அழுகையில் எனக்கும் பங்கு உண்டு. 1994-இல் இந்த ஊருக்கு வந்தவன் நான். என் மூத்த மகள் அந்தச் சுவருக்குள்தான் முதன்முதலில் தண்ணீரில் மிதக்கக் கற்றுக்கொண்டாள். சீல் வந்தது, கரைக்கும் சீல் வைத்துவிட்டார்கள் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வோம்.

அந்த முதியவர் சொன்னது உண்மை. எலன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ் என்ற அம்மையார் 1836-இல் இலண்டனில் பிறந்து, அமெரிக்கா வந்து, சகோதரர்களோடு சேர்ந்து செய்தித்தாள் தொழிலில் பொருள் ஈட்டி, லா ஹோயாவில் குடியேறியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஈட்டியதில் பெரும்பகுதியை ஊருக்கே திருப்பிக் கொடுத்தார். ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனமும் ஸ்கிரிப்ஸ் கல்லூரியும் அவர் கொடையால் எழுந்தவை. லா ஹோயாவின் பாறைக் கரையில் அலை முரட்டுத்தனமாக அடிக்கும். அதற்கு நடுவில் சிறுவர் அச்சமின்றி இறங்க ஒரு குளம் வேண்டும் என்று எண்ணி, சுமார் 60,000 டாலர் செலவில் கடலுக்குள் வளைந்து செல்லும் ஒரு தடுப்புச் சுவரைக் கட்டச் செய்தார். வடிவமைத்தவர் ஹைரம் சாவேஜ் என்ற பொறியாளர். 1931-இல் சுவர் முடிந்தபோது அம்மையாருக்குத் தொண்ணூற்று நான்கு வயது. மறு ஆண்டே காலமாகிவிட்டார்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் பெயருக்கேற்றபடிதான் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் சீல்கள் கூட்டமாக வந்து மணலில் படுக்கத் தொடங்கின. 1997-இல் நீரில் மலக்கிருமிகளின் அளவு மிகுந்துவிட்டதென்று நகராட்சி நீந்தத் தடைப்பலகை வைத்தது. அதற்குப் பிறகு கயிறு வந்தது, சங்கிலி வந்தது. அந்தச் சுவரின் மறைவில் இறங்கி ஆழ்கடலுக்குப் போய்வந்த முக்குளிப்பவர்களும், தூண்டில் போட்டவர்களும், காலை நடைக்கு வந்து நீந்திச் சென்ற கிழவர்களும் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். ஒரு கொடையைக் கொடுத்தவர் கண் மூடியபின் எப்படிக் கைமாற்றுவது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வழக்காடி எழுதியது:

நெய்தல் அண்ணா சொன்னதில் ஒரு சிறு திருத்தமும் ஒரு பெரிய சேர்க்கையும் உண்டு. சுவரைக் கொடுத்தவர் அம்மையார், ஆனால் கரையைக் கொடுத்தவர் அவரல்லர். அலை ஏறி இறங்கும் நிலம் கலிபோர்னியா மாநிலத்துக்குச் சொந்தமானது. மாநில சட்டமன்றம் 1931-இல் ஒரு சட்டத்தின் மூலம் அந்த நிலத்தைச் சான் டியேகோ நகராட்சியிடம் அறக்கட்டளைச் சொத்தாக ஒப்படைத்தது. பொதுப் பூங்கா, குழந்தைகள் நீராடும் குளம், பூஞ்சாலை, நெடுஞ்சாலை, விளையாட்டிடம், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. மீன்பிடிக்கும் உரிமையும் அங்கே சென்றுவரும் வழியும் மாநில மக்களுக்கு என்றென்றும் உண்டு என்றும் எழுதியிருந்தது.

இந்தச் சண்டையின் முடிச்சு அந்த 'மட்டுமே' என்ற சொல்லில் இருக்கிறது. நம் கோயில் கல்வெட்டுகளில் நிவந்தத்தை எழுதி முடித்தபின், இதை மாற்றியவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று ஒரு வரி வெட்டியிருப்பார்கள். கலிபோர்னியாக்காரர்கள் பசுவைச் சேர்க்கவில்லை, வழக்குத் தொடுக்கும் வழியை விட்டுவைத்தார்கள். 2004-இல் ஒரு நீச்சல்காரர் அந்த வழியில் நகராட்சியின்மேல் வழக்குத் தொடுத்தார். 2005-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. மணல் சேர விட்டதும் நீர் கெட விட்டதும் அறக்கட்டளையை மீறிய செயல்கள், ஆகவே மணலை அகற்றி அந்த இடத்தை 1941-இல் இருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டிலும் 2007-இல் அதுவே நிலைத்தது.

பனங்காடன் எழுதியது:

இடையில் ஓர் ஐயம். குரைத்துக்கொண்டே இருக்குமே, சர்க்கஸில் மூக்கில் பந்தை நிறுத்துமே, அந்த விலங்குதானா இது?

கடல்மகள் எழுதியது:

அது வேறு, பனங்காடன். அது கடற்சிங்கம். முன்துடுப்பை ஊன்றி நிமிர்ந்து நடக்கும், வெளியே தெரியும் காதுமடல் உண்டு, ஓயாமல் கத்தும். லா ஹோயாவிலேயே 'கோவ்' என்ற சிறு குடாவின் பக்கத்துப் பாறைகளில் அவற்றைப் பார்க்கலாம், அதற்கு முன்பே மூக்கால் அறிந்துவிடலாம். சில்ட்ரன்ஸ் பூலில் இருப்பவை துறைமுகச் சீல்கள். தமிழ் அகராதிகள் கடல்நாய் என்கின்றன. காதுக்குப் பதில் ஒரு சிறு துளைதான் இருக்கும். பின்துடுப்பை உடலுக்கு அடியில் மடக்க முடியாது, ஆகவே தரையில் வயிற்றால் உந்தி உந்தித்தான் நகரும். பெரும்பாலும் ஓசையே எழுப்பாது. நான் ஆறு ஆண்டுகளாக அந்த நடைபாதையில் நின்று வருவோருக்கு விளக்கம் சொல்லும் தன்னார்வலர்களில் ஒருத்தி, ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இளந்திரையன் அவர்கள் பார்த்த மூட்டைகள் சோம்பிக் கிடக்கவில்லை. இவை குளிர்ந்த நீரில் மூழ்கி மீன் பிடித்துத் திரும்பியபின் உடற்சூட்டை மீட்கவும், ஓய்வெடுக்கவும், ரோமம் உதிர்த்துப் புதுப்பிக்கவும் கரைக்கு வந்தே ஆகவேண்டும். குட்டி ஈனுவதும் பாலூட்டுவதும் கரையில்தான். லா ஹோயாவில் பெரும்பாலான குட்டிகள் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் பிறக்கின்றன. பிறந்த குட்டி ஏறத்தாழப் பத்துக் கிலோ இருக்கும், அன்றே நீந்தும். தாய் நான்கு முதல் ஆறு வாரம்தான் பால் கொடுக்கும். பாலில் பாதிக்குக் கிட்டத்தட்டக் கொழுப்பு என்பதால் அந்தச் சில வாரங்களில் குட்டி இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துவிடும். அதற்குள் ஒரு முறை பிரிந்தால் அந்த இழப்பை ஈடுகட்ட நாள் போதாது.

பிரிவு எப்படி நேர்கிறது என்பதை ஒரு பிப்ரவரி காலையில் பார்த்தேன். சங்கிலி போடும் வழக்கம் இல்லாத ஒரு பாறைக் கரையில், கையில் கைபேசியோடு ஒருவர் மிக அமைதியாகத்தான் நெருங்கினார். முதலில் ஒரு சீல் தலையைத் தூக்கியது. பிறகு பத்துத் தலைகள் எழுந்தன. அவர் இன்னும் ஓரடி எடுத்து வைத்ததும் அத்தனையும் ஒன்றாகத் தண்ணீரை நோக்கிப் பாய்ந்தன. மணலில் ஒரு குட்டி மட்டும் எஞ்சியது. அதன் தொப்புள்கொடி அப்போதும் காய்ந்திருக்கவில்லை. தாய் நீரிலிருந்து தலையை நீட்டி நீட்டிப் பார்த்து, நாற்பது நிமிடம் கழித்துத்தான் கரையேறி, குட்டியின் மூக்கோடு மூக்கை உரசி அடையாளம் கண்டுகொண்டது. அந்த மனிதர் ஒரு தீங்கும் நினைக்கவில்லை என்பது உறுதி. அதனால்தான் அறிவுரைப் பலகை போதாது, சங்கிலி வேண்டும் என்கிறோம்.

நெய்தல்நிலவன் எழுதியது:

கடல்மகள் அம்மா எழுதியதைப் படித்து எனக்கும் நெஞ்சு இளகத்தான் செய்கிறது. ஆனால் நெஞ்சு இளகுவது வேறு, உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. இந்தச் சீல்கள் அருகிவரும் இனமல்ல. ஒரு காலத்தில் வேட்டையாடிக் குறைத்தார்கள் என்பதும், 1972-இல் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அவை நன்றாகப் பெருகிவிட்டன என்பதும் நீங்களே சொல்லக்கூடியவை. நெடுந்தொலைவுக்கு நீளும் கலிபோர்னியாக் கரையில் அவை படுப்பதற்கு எத்தனையோ தீவுகளும் பாறைகளும் இருக்கின்றன. குழந்தைகளுக்கென்று சுவர் கட்டிய கரை ஒன்றே ஒன்றுதான்.

இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்பது என்பார்கள். இங்கே பாய் கேட்டதும் விரித்துக் கொடுத்தோம். முதலில் ஒரு கயிறு. அது அறிவுரைக்காக மட்டுமே, தாண்டிப் போகலாம் என்றார்கள். தாண்டிப் போனவனை மேலேயிருந்து நூறு பேர் திட்டினார்கள். நானே என் முக்குளிப்புக் கருவிகளோடு சட்டப்படி இறங்கிப்போய் வசை வாங்கியிருக்கிறேன். பிறகு ஐந்து மாதத் தடை. அதன்பிறகு, பக்கத்திலேயே பாயிண்ட் லா ஹோயாவில் கடற்சிங்கங்களுக்காக முதலில் பருவகாலத் தடை போட்டு, 2023-இல் அதை ஆண்டு முழுவதற்குமான தடையாக்கிவிட்டார்கள். அடுத்து எந்தக் கரை என்று கேட்பது மிகையா?

ஏரிக்கரையான் எழுதியது:

நான் ஒரு கட்டுமானப் பொறியாளன். சீல்களைப் பற்றியோ சட்டத்தைப் பற்றியோ எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இதுவரை ஒருவரும் சுவரைப் பற்றிப் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. என் கணக்கில் முதல் குற்றவாளி அதுதான்.

ஏரிப் பாசனமுள்ள ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். கரை கட்டினால் மதகு வைக்க வேண்டும். மதகை அடைத்துவிட்டால் நீர் தேங்கும், நீரோடு வந்த வண்டல் தங்கும், பத்துப் பதினைந்து ஆண்டில் ஏரி மேடாகும். ஏரி மேடானபின் அதில் யார் குடியேறினார்கள் என்று சண்டை போடுவது நமக்கு மிகவும் பழக்கமான காட்சி.

லா ஹோயாவில் நடந்ததும் இதுதான். சுமார் 300 அடி நீளத்தில் வளைந்து செல்லும் அந்தச் சுவர் அலையைத் தடுக்கிறது. அலை தணிந்த இடத்தில் கடல் தான் சுமந்து வந்த மணலைப் போட்டுவிட்டுப் போகும். இதை அறிந்துதான் சுவரிலேயே நீர் ஓடி மணலை அலசிச் செல்லத் திறப்புகள் வைத்துக் கட்டினார்கள். அந்தத் திறப்புகளைப் பின்னால் அடைத்துவிட்டார்கள். உள்ளே மணல் ஏறிக்கொண்டே வந்தது, குளம் சிறுத்துக்கொண்டே போனது. இன்று அங்கே பெயரில்தான் குளம் இருக்கிறது. தரையில் இருப்பது அலையடிக்காத, பாறை மறைவுள்ள, சரிவான ஒரு மணல் மேடு.

கடல்மகள் அம்மையார் மேலே சொன்ன தேவைகளை இதனோடு பொருத்திப் பாருங்கள். நிமிர்ந்து நடக்க இயலாமல் வயிற்றால் உந்திச் செல்லும் ஒரு விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான பிரசவ அறையை எந்த அரசுப் பொறியாளரும் திட்டமிட்டுக் கட்டியிருக்க முடியாது. ஐந்து வயதுப் பிள்ளை அச்சமின்றி இறங்கத்தக்க இடம், பிறந்த அன்றே நீந்தப் பழகும் குட்டிக்கும் ஏற்ற இடமாகத்தானே இருக்கும்? நீரோட்டம் இல்லாததால்தான் கழிவும் வெளியேறாமல் உள்ளேயே சுழல்கிறது. அதே எண்ணிக்கையிலான சீல்கள் திறந்த கரையில் படுத்திருந்தால் நீர் இந்த அளவுக்குக் கெடுமா என்பது ஐயமே.

ஆகவே சீல்கள் குழந்தைகளை விரட்டின என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பராமரிப்பை விட்டதால் குளம் தூர்ந்தது, தூர்ந்த குளத்துக்கு ஏற்ற குடியிருப்போர் வந்தனர்.

நெய்தல்நிலவன் எழுதியது:

ஏரிக்கரையாரே, நான் இத்தனை ஆண்டாகச் சொல்லிவருவதற்கு நீங்களே சான்று தருகிறீர்கள். தூர்ந்த ஏரியைத் தூர் வார வேண்டும், அதுதானே முறை? 2005-இல் நீதிமன்றம் சொன்னதும் அதைத்தான்.

வழக்காடி எழுதியது:

அந்தத் தூர் வாருதல் ஏன் நடக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதில் கொஞ்சம் நகைச்சுவையும் உண்டு.

மணலை அள்ள வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் ஆய்வு, மாநிலத்தின் கரையோர ஆணையத்தின் அனுமதி என்று பல வாயில்களைக் கடக்க வேண்டும். சீல்கள் படுத்திருக்கும் மணலில் இயந்திரம் இறங்கவும் முடியாது. எனவே முதலில் சீல்களை விரட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. நெய்தல் அண்ணா சொன்ன 1972-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் சீல்களைத் தொந்தரவு செய்வதையே குற்றமாக்கியிருக்கிறதே என்பீர்கள். அதே சட்டத்தில், பொதுநலனுக்காகவும் பொதுச் சுகாதாரத்துக்காகவும் உள்ளாட்சி அலுவலர்கள் தம் கடமையாக அதைச் செய்யலாம் என்ற விலக்கும் இருக்கிறது. இதைப் பலர் அறியாமலேயே வாதிடுகிறார்கள். அப்படியானால் எப்படி விரட்டுவது? ஒலிபெருக்கி வைத்து நாய் குரைக்கும் ஒலிப்பதிவை ஒலிபரப்பலாம் என்று ஒரு யோசனை உண்மையாகவே பேசப்பட்டது. கடல்நாயை விரட்டக் கரைநாயின் குரல். அதையும் ஆண்டு முழுவதும், நாள்தோறும் செய்தாக வேண்டும், ஏனென்றால் குரல் நின்ற மறுகணம் அவை திரும்பி வந்துவிடும்.

2009 ஜூலையில் நீதிபதி, இனியும் காலம் தாழ்த்தாமல் விரட்டத் தொடங்குங்கள் என்று உத்தரவிட்டார். அதே மாதத்தில் ஆளுநர் அர்னால்ட் சுவார்ஸ்நேகர் ஒரு சட்டத்திருத்தத்தில் கையொப்பமிட்டார். செனட்டர் கிறிஸ்டீன் கீஹோ கொண்டுவந்த அந்தத் திருத்தம், 1931-ஆம் ஆண்டு அறக்கட்டளையின் நோக்கங்களோடு இன்னொன்றைச் சேர்த்தது. குழந்தைகளின் மகிழ்ச்சிக்கும் கல்விக்கும் பயன்படும் கடல்வாழ் பாலூட்டிப் பூங்கா என்பதே அந்தச் சேர்க்கை. குழந்தைகள் என்ற சொல்லை நீக்காமல், அவர்களை நீரிலிருந்து எடுத்துக் கம்பிக்குப் பின்னால் நிறுத்திய அந்தச் சொற்றொடரை எழுதியவர் மிகக் கைதேர்ந்தவர் என்றே சொல்வேன். இளந்திரையனின் மகள் ஒரு மணி நேரம் நின்று பார்த்ததும் சட்டப்படி அந்த இடத்தின் பயன்பாடுதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீல்கள் அங்கே இருந்தே தீரவேண்டும் என்று அந்தத் திருத்தம் சொல்லவில்லை. எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் உரிமையை நகராட்சிக்குக் கொடுத்தது, அவ்வளவே. விரட்டும் உத்தரவின் அடிப்படை அதோடு போய்விட்டது.

கடல்மகள் எழுதியது:

வழக்காடி நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனெனில் அடுத்து வந்த தடைக்குக் காரணம் சட்டத்தைவிட ஒரு கேமரா.

2013-இன் தொடக்கத்தில், இணையத்தில் நேரலையாகச் சீல்களைக் காட்ட அங்கே ஒரு கேமரா பொருத்தினார்கள். இருட்டிலும் பார்க்கக்கூடியது அது. இரவில் இரண்டு இளம்பெண்கள் இறங்கிவந்து, கருவுற்ற நிலையிலும் குட்டியோடும் இருந்த சீல்களின்மேல் உட்கார்ந்து, உதைத்து, அடித்ததை அந்தக் கேமரா பதிவு செய்தது. அந்தப் படம் வெளிவந்ததும் அப்போதைய மேயர் பாப் ஃபில்னர் குட்டிப் பருவம் முடியும்வரை இரவு நேரத்தில் கரையை மூட உத்தரவிட்டார். அதுவரை கயிறு போதும் என்று எண்ணியிருந்த பலரும் அன்றோடு மனம் மாறினார்கள், நானும் அவர்களில் ஒருத்தி. 2014-இல் குட்டிப் பருவம் முழுவதும் மூடும் நகராட்சி விதியும், கரையோர ஆணையத்தின் அனுமதியும் வந்தன.

நெய்தல் அண்ணா, நீங்கள் இரவில் போய் உதைத்தவரல்லர் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கயிற்றைத் தாண்டும் உரிமையை உங்களுக்கும் வைத்து, அவர்களை மட்டும் தடுக்கும் ஒரு கயிற்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்று. வேறு பாறைகளுக்குப் போகட்டும் என்று எளிதாகச் சொல்கிறோம். கரைக்குச் சற்று அப்பால் சீல் ராக் என்றே பெயர் பெற்ற பாறை இருக்கிறது. அலை ஏறும்போது அதில் இடமிருக்காது. சான் டியேகோ மாவட்டத்தின் கரையில், மக்கள் குடியிருப்புக்கு நடுவே, இவை குட்டி ஈனுவதற்கென்று நிலையாக அமைந்த இடம் இது ஒன்றுதான்.

நெய்தல்நிலவன் எழுதியது:

அந்த இரவுக் காட்சியை நானும் பார்த்தேன். அருவருப்பாக இருந்தது. அதைச் செய்தவர்களைத் தண்டிக்கச் சட்டம் இருந்தது. இரண்டு பேர் செய்த கொடுமைக்காக ஊரையே வெளியே நிறுத்துவது வேறு எந்த இடத்திலாவது நியாயமாகுமா? கலிபோர்னிய அரசியலமைப்பும் 1976-ஆம் ஆண்டுக் கரையோரச் சட்டமும் கடலுக்குச் செல்லும் வழியைப் பொதுமக்களுக்கு உறுதி செய்கின்றன. கரையோரம் மாளிகை கட்டியவன் வழியை அடைத்தால் இதே ஆணையம் அவனை நீதிமன்றத்துக்கு இழுக்கிறது. விலங்கின் பெயரால் அடைத்தால் அனுமதி கொடுக்கிறது.

வழக்காடி எழுதியது:

இதே வாதத்தோடுதான் அந்தத் தடையை எதிர்த்தும் வழக்குப் போட்டார்கள். கீழமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று, கடல்வாழ் பாலூட்டிகளைப் பற்றிய அதிகாரம் கூட்டாட்சிக்கே உரியது, நகராட்சி இப்படி விதி போட முடியாது என்றது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிவிட்டது. தன் சொத்தில் யார் எப்போது நுழையலாம் என்று முறைப்படுத்தும் உரிமை மாநிலத்துக்கும் நகராட்சிக்கும் உண்டு, அதைக் கூட்டாட்சிச் சட்டம் பறிக்கவில்லை என்பது அதன் முடிவு. 2019-இல் கரையோர ஆணையம் அனுமதியை நீட்டித்தது. சட்டக்கதை இப்போதைக்கு இங்கே நிற்கிறது.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், நெய்தல் அண்ணாவின் 2005 வெற்றி சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன், 2018-இல் அவர் பக்கம் தோற்றதும் சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் மாறியது ஆவணத்தின் ஒரு வரி. நீதிமன்றம் ஆவணத்தைப் படிக்குமே தவிர, குளத்தைப் பார்க்காது.

நெறியாளர் எழுதியது:

தனிப்பட்ட தாக்குதலாக இருந்த இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். சீல்களை ஆதரிப்பவர் குழந்தைகளின் எதிரி என்றோ, கரையைக் கேட்பவர் கொலைகாரர் என்றோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இளந்திரையன் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இழையைத் தொடங்கியபோது இருந்த கோபம் இப்போது இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. ஏரிக்கரையார் எழுதியதைப் படித்தபின் எனக்குச் சீல்கள்மேல் கோபம் இல்லை. திறப்புகளை அடைத்துவிட்டு, மணல் ஏறுவதைப் பல பத்தாண்டுகள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பெயர்ப்பலகையை மட்டும் மாற்றாமல் விட்ட கைகள்மேல்தான் கோபம். குளத்தைக் காப்பாற்றாதவர்களுக்குச் சீல்கள் வந்தது ஒருவகையில் வசதியாகவும் போயிற்று. இனி யாரும் அவர்களிடம் தூர் வாரச் சொல்ல முடியாது அல்லவா?

ஆனால் இன்றைய நிலையில் தூர் வாரச் சொல்வதற்கு எனக்கும் மனம் வரவில்லை. முப்பது ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவற்றை, தாமே வந்தவை என்று சொல்லிக் கிளப்புவது நமக்கு எளிதாக வரக்கூடாத சொல். ஏழு மாதம் நமக்கு, ஐந்து மாதம் அவற்றுக்கு என்ற ஏற்பாடு எனக்கு ஏற்றதாகவே படுகிறது. ஒரு சிறு வேண்டுகோள்: பலகையில் உள்ள அந்தத் தேதிகளை, ஊருக்குள் நுழையும் முன்பே எங்காவது எழுதி வைத்தால், வாளியோடு வந்து அழும் பிள்ளைகள் குறைவார்கள்.

நெய்தல்நிலவன் எழுதியது:

ஏழு மாதம் நமக்கு என்கிறீர்கள். அந்த ஏழு மாதமும் கயிறு இருக்கும், தம்பி. அதன் ஓரத்தில் ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள், அதன் வழியே போகலாம். சீல்களிடமிருந்து 50 கெஜம் விலகி நிற்கும்படி மீன்வள அலுவலர்கள் அறிவுறுத்துகிறார்கள். அந்தச் சிறு கரையில் 50 கெஜம் விலகினால் நீங்கள் மறுபடியும் படிக்கட்டில்தான் நிற்பீர்கள். இருந்தாலும் ஒரு முறை ஜூன் கடைசியில் வந்து பாருங்கள். குழந்தைகள் நீந்த வேண்டுமென்றால் வடக்கே லா ஹோயா ஷோர்ஸுக்குப் போங்கள். சரிவு மெதுவாக இருக்கும், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், பின்னால் கெல்லாக் பூங்காவில் புல்தரையும் உண்டு. ஒன்பது மணிக்கு முன் போனால்தான் வண்டிக்கு இடம்.

இளந்திரையன் எழுதியது:

மூன்று மாதம் கழித்து இந்த இழைக்குத் திரும்புகிறேன். நெய்தல் அண்ணா சொன்னபடி ஜூன் கடைசி வாரம் மறுபடியும் போனோம். சங்கிலி இல்லை. கயிற்றின் ஓரத்து இடைவெளி வழியே இறங்கினோம். சீல்கள் முப்பது நாற்பது இருந்தன, எல்லாம் கயிற்றுக்கு அப்பால். தலையையும் வாலையும் மேலே தூக்கி, நடுவயிறு மட்டும் மணலில் பட, வாழைப்பழம்போல் வளைந்து படுத்திருந்த ஒன்றை என் மகள் தூரத்திலிருந்தே படமாக வரைந்துகொண்டாள். நீர்த்தரம் பற்றிய எச்சரிக்கைப் பலகையைப் பார்த்ததால் மகனைத் தண்ணீரில் விடவில்லை. படிக்கட்டின் அருகிலேயே உட்கார்ந்து, சென்ற முறை பயன்படாத வாளியால் மணலை அள்ளி ஒரு கோட்டை கட்டினான். எங்களோடு அங்கே இருந்தவர்கள் வேறு இரண்டு குடும்பத்தினர் மட்டுமே.

நான் சுவரை ஒட்டி நடந்து, அடைத்துவிட்ட அந்தத் திறப்புகள் கண்ணில் படுகின்றனவா என்று தேடினேன். சுவரின் அடிப்பகுதி முழுவதும் மணலுக்குள் புதைந்திருந்தது. ஓரிடத்தில் முழங்கை ஆழம் தோண்டிப் பார்த்தேன், மணல்தான் வந்தது.

நெய்தல்நிலவன் எழுதியது:

பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டீர்கள் அல்லவா? வாளியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்த மணலின் வாடை வண்டியை விட்டு ஒரு வாரத்துக்குப் போகாது.